இலை கொட்டுற சீசன்ல தோட்டத்துலயும் வீட்டுக்குள்ளயும் செய்ய சில வேலைகள்

இலை கொட்ட ஆரம்பிச்சாலே நிறைய பேர் தோட்ட வேலைக்கு லீவு விட்டுடுறாங்க. மண்ணே உறைஞ்சு போற ஊருல சரி, வேற வழியில்ல, ஆனா குளிர் ரொம்ப கடிக்காத இடத்துல இருக்கவங்களுக்கு இதுதான் ரெண்டாவது ரவுண்டு. வெயில் உக்கிரம் குறைஞ்சிருக்கும், மண்ணுக்குள்ள மட்டும் சூடு மிச்சம் இருக்கும், அதனால வேர் சீக்கிரம் பிடிக்கும், நட்ட செடியும் மதியத்துல துவண்டு விழாது.

நான் மொதல்ல கை வைக்கிறது பூண்டுலதான். பெரிய பல்லா பாத்து எடுங்க, சின்னத சமையலுக்கு விட்டுடுங்க, தோல உரிக்காம கூரான முனை மேல வர மாதிரி 5 செ.மீ ஆழத்துல, 10 முதல் 15 செ.மீ இடைவெளி விட்டு நடணும். குளிர் போதலைன்னா பூண்டு பல்லா பிரியாம சின்ன வெங்காயம் மாதிரி ஒரே உருண்டையா நின்னுடும், அதனால மிதமான குளிருக்கு தாங்குற, தண்டு மெத்துனு இருக்கிற ரகமா வாங்குங்க. கேரட், முள்ளங்கி ரெண்டையும் நேரா மண்ணுலயே விதைங்க, நாத்து விட்டு பிடுங்கி நட்டா கிழங்கு ரெண்டு கால் விட்டு நிக்கும். லெட்டூஸ் மட்டும் அவசரப்படாதீங்க, மண்ணு சூடா இருந்தா அந்த விதை முளைக்காம அப்படியே தூங்கும்.

ட்யூலிப் ஆசை இருக்கவங்களுக்கு ஒரு விஷயம். அந்த கிழங்குக்கு நல்ல குளிர் காட்டணும், நம்ம குளிர் பத்தாது, அதனால பேப்பர் பையில போட்டு 8 முதல் 10 வாரம் ஃபிரிட்ஜ்ல வைக்கணும். நானும் ஒரு வருஷம் அக்கறையா வச்சேன், பக்கத்துலயே ஆப்பிளும் வச்சிருந்தேன், இலை ஜம்முனு வந்துச்சு, பூ ஒன்னு கூட வரல. பழுத்த பழம் விடுற எத்திலீன் வாயு உள்ள இருக்கிற பூ மொட்ட காலி பண்ணிடுமாம், எனக்கு அப்புறமாத்தான் தெரிஞ்சுச்சு.

இப்ப கொட்டுன இலைக்கு வருவோம், பெருக்கி கொளுத்துறத பாத்தா எனக்கு வயிறு எரியும். ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில அங்கங்க ஓட்டை போட்டு, இலைய ஈரமாக்கி அமுக்கி கட்டி ஒரு மூலையில போட்டுடுங்க, ஒரு வருஷம் போல ஆனதும் கறுப்பா பொலபொலன்னு மக்கி இருக்கும், அத மண்ணு மேல பரப்பினா ஈரம் காயாது. புள்ளி விழுந்த ரோஜா இலைய மட்டும் இதுல சேக்காதீங்க, நோய் அப்படியே அடுத்த வருஷத்துக்கும் போகும்.

நல்ல கலரா இருக்கிறத தனியா எடுத்து வைங்க. அந்த மஞ்சள் புதுசா வர்றது இல்ல, பச்சையம் அழிஞ்சதும் அடியில ஏற்கனவே இருந்தது வெளிய தெரியுது, அவ்ளோதான். சிவப்பு அப்படி இல்ல, பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி குளிர்ச்சியும் இருந்தாதான் இலை அத புதுசா தயாரிக்கும், அதனாலதான் நமக்கு சிவப்பு கம்மியா கிடைக்குது. விழுந்த அன்னைக்கே ஈரம் இல்லாம பொறுக்கி, நியூஸ்பேப்பர் நடுவுல வச்சு மேல கனமா எதையாவது ஏத்துங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்கா பேப்பர மாத்துங்க (இத விட்டாதான் பூஞ்சை வரும்), ஒரு வாரம் பத்து நாள்ல ரெடி. இலை முறுமுறுன்னு உடையாம வளையணும்னா ஒரு பங்கு கிளிசரின் ரெண்டு பங்கு தண்ணி கலந்து அதுல நாலஞ்சு நாள் முழுக வச்சு எடுத்து தொடைச்சா போதும், கலர் கொஞ்சம் கருக்கும், எனக்கு அதுவே பிடிச்சிருக்கு.

காய வச்ச இலைய காலி கண்ணாடி பாட்டில் மேல ஒட்டி விளக்கு பண்ணலாம். கிளிசரின்ல போட்டத இதுக்கு எடுக்காதீங்க, பசை சரியா பிடிக்காது. இலைக்கு பின்பக்கம் நடு நரம்பு துருத்திட்டு நிக்கும் பாருங்க, அதனாலதான் ஒட்டுன கொஞ்ச நேரத்துல ஓரம் தூக்கிக்கும், பிளேடால அந்த நரம்ப லேசா சீவி, காம்ப வெட்டிட்டு, தண்ணி கலந்த பசைய பிரஷ்ல நடுவுலேந்து ஓரத்துக்கு தடவி ஒட்டுங்க, மேலயும் ஒரு கோட்டிங் கொடுங்க. உள்ள மெழுகுவத்தி வேணாம், காஞ்ச இலை, சின்ன எல்இடி சரம் போதும்.

தோட்டத்துல வெட்டுன கொடிய பச்சையா இருக்கும்போதே நாலு சுத்து வளைச்சு முனைய உள்ள சொருகிட்டா அலங்கார வளையம் ரெடி, வளைக்கிறதுக்கு முன்னாடியே கொடி காஞ்சுட்டா ராத்திரி தண்ணில ஊற போடுங்க.

காஞ்ச சாமந்தி தலைய உதிர்த்து விதைய பேப்பர் கவர்ல போட்டு, பேரும் தேதியும் எழுதிடுங்க. எழுதாம வச்ச மூணு கவர் என் டிராயர்ல இன்னும் கிடக்கு, எது என்னன்னு நட்டு பாத்தாதான் தெரியும்.