வேலையில் காயமா? முதல் துண்டிலேயே எழுதவையுங்கள்

போன வருடத்துக்கு முந்தின மாரியில் என் மச்சானுக்குக் கையில் காயம் பட்டது. மாடிவீடு ஒன்று கட்டும் இடத்தில் கம்பி வெட்டிக்கொண்டிருந்தான். கிரைண்டரின் தகடு உடைந்து இடது கையில் பாய்ந்தது. கொந்தராத்துக்காரர் தன் வானிலேயே ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். போகிற வழியில் அவர் சொன்ன ஒரு வசனம் பிறகு எங்களை 14 மாதம் அலையவைத்தது: "தம்பி, வீட்டில வெட்டேக்க பட்டது எண்டு சொல்லும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

மச்சான் அப்படியே சொன்னான். பழகின மனுசன், அவரை ஏன் பொலிஸ் அது இது என்று இழுப்பான் என்ற எண்ணம். இரண்டு கிழமை காசு வந்தது. மூன்றாம் கிழமையிலிருந்து அவர் போனை எடுக்கவில்லை.

நட்டஈடு கேட்டு அலைந்த அந்த அலைச்சலில் கற்றதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். மேசன் வேலை, மரக்காலை, வெல்டிங் பட்டறை, கடை, தொழிற்சாலை என்று எங்கே வேலை செய்தாலும் இது பொருந்தும்.

1. முதலில் வைத்தியம். ஆனால் வாயைத் திறந்து சொல்லுங்கள்

கடுமையான காயமென்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. யாழ். போதனா வைத்தியசாலைக்கோ, கிட்ட இருக்கிற தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளுக்கோ போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்பதால் "செலவை நான் பார்க்கிறேன்" என்று முதலாளி சொல்வதைப் பெரிய உபகாரமாக நினைத்து மயங்க வேண்டாம். உங்களுக்குப் பெரிய நட்டம் வேலைக்குப் போக முடியாத மாதங்களில்தான் வரும்.

அனுமதிக்கும்போது "எப்படி நடந்தது?" என்று கேட்பார்கள். அங்கே நீங்கள் சொல்வதைத் துண்டில் எழுதிவிடுவார்கள், பிறகு எல்லாரும் திருப்பிப் பார்ப்பது அந்த வரியைத்தான். "வேலைத்தளத்தில், வேலை செய்துகொண்டிருக்கும்போது" என்று சொல்லுங்கள். இடத்தின் பெயர், நேரம், எந்த இயந்திரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோயாளி மயக்கமென்றால் கூடப் போனவர் சொல்ல வேண்டும். கூடப் போவது முதலாளியின் ஆள் மட்டும் என்றால், வீட்டிலிருந்து ஒருவர் உடனே ஓடிப்போவது நல்லது.

விபத்துக் காயம் என்றால் ஆஸ்பத்திரியில் உள்ள பொலிஸ் பிரிவும் வாக்குமூலம் எடுக்கும். அங்கும் அதே கதையைச் சொல்லுங்கள். பொலிஸ் கொடுக்கும் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவார். "என்னை ஏன் இவரிடம் காட்டுகிறார்கள், நான் என்ன குற்றவாளியா?" என்று மச்சான் பயந்தான். அப்படி ஒன்றுமில்லை. பின்னுக்கு உங்களுக்குப் பெரிய துணையாக வரப்போவது அந்த அறிக்கைதான்.

வீட்டுக்கு விடும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அதில் அனுமதி இலக்கமும் திகதியும் சரியா என்று வாசலைத் தாண்டுமுன் பாருங்கள். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மருந்துத் துண்டு, தனியார் மருந்தகத்தில் வாங்கியதற்கான பில் எல்லாம் ஒரே பைக்குள் இருக்கட்டும்.

ஏற்கெனவே மாற்றிச் சொல்லிவிட்டீர்களா? நாங்களும் அப்படித்தான். பொலிசிடம் போய் உண்மையைத் திருத்திச் சொன்னோம். கூட வேலை செய்த இரண்டு பேர், சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துத் தந்தார்கள். அன்று காலை வேலைத்தளத்தில் எடுத்து வட்ஸ்அப்பில் போட்ட ஒரு படமும் உதவியது. சரிப்படுத்தலாம், ஆனால் நாள் போகப்போகக் கஷ்டம்.

2. முதலாளிக்கு எழுத்தில் அறிவியுங்கள்

அவர் கண் முன்னாலேயே விழுந்திருந்தாலும் கடிதம் வேண்டும். சண்டைக் கடிதம் தேவையில்லை, இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, நான் உங்கள் கட்டட வேலைத்தளத்தில் மேசனுக்கு உதவியாளராக ஜனவரி மாதம் முதல் நாளொன்றுக்கு … ரூபா சம்பளத்தில் வேலை செய்துவருகிறேன். … ஆம் திகதி காலை 10.30 மணியளவில், நீங்கள் ஒப்படைத்த சாந்து ஏற்றும் வேலையில் இருந்தபோது சாரம் சரிந்து விழுந்ததில் எனது வலது கால் முறிந்தது. அன்றே வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டேன். இதனை நேரில் கண்டவர்கள் … , … ஆகியோர். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி எனக்குரிய நட்டஈட்டைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்திவையுங்கள். கையில் கொடுத்தால் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள்.

தொழிற்சாலை என்றால் முதலாளிக்கும் ஒரு கடமை இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, உயிர் போன விபத்தையும், ஒருவரை 3 நாளுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு உழைக்க முடியாமல் ஆக்கிய விபத்தையும் அவர் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கவில்லை என்று தெரிந்தால் நீங்களே யாழ்ப்பாணத்துத் தொழில் அலுவலகத்தில் போய்ச் சொல்லலாம்.

3. நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு ஆதாரம்

எங்கள் பக்கத்தில் நாட்கூலிக்கு நியமனக் கடிதம் யார் கொடுக்கிறார்கள்? அதனால் உரிமை இல்லாமல் போகாது. சம்பளக் கொப்பி, வங்கியில் விழுந்த காசு, "நாளைக்கு வேளைக்கு வா" என்று வந்த குறுஞ்செய்தி, கூட வேலை செய்தவர்களின் சாட்சி, எதுவானாலும் எடுக்கலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி காசு கட்டியிருந்தால் அந்தக் கணக்கு இலக்கமே பலமான ஆதாரம்.

சம்பளத் தொகையையும் நிரூபிக்க வேண்டும். நட்டஈடு சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும், விசாரணை என்று வந்ததும் பல முதலாளிமாருக்குச் சம்பளம் பாதியாக ஞாபகம் வரும். சுவரில் தொங்கும் கலண்டரில் வேலைக்குப் போன நாட்களைக் குறித்துவைக்கும் பழக்கம் உங்கள் அம்மாவுக்கு இருந்தால், அந்தக் கலண்டரைக் கிழித்து எறிய விடாதீர்கள்.

கொந்தராத்துக்காரருக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு ஒரு செய்தி. வேலையைக் கொந்தராத்துக்கு விட்ட பிரதான நிறுவனத்திடமும் நட்டஈடு கோரச் சட்டம் இடம் தருகிறது. அது கட்டிவிட்டுப் பிறகு கொந்தராத்துக்காரரிடம் அறவிட்டுக்கொள்ளலாம். "அவர் என் ஆள் இல்லை" என்று சொன்னதும் திரும்பி வராதீர்கள்.

4. எதற்குக் கிடைக்கும்

அடிப்படைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின் காரணமாக, வேலையின்போது நடந்த விபத்து என்பதுதான் அளவுகோல். முதலாளியின் தவறா என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. தற்காலிகமாக உழைக்க முடியாமல் போனால் அரைமாதத்துக்கு ஒருமுறை கொடுப்பனவு. விரல், கை, கண் போன்று நிரந்தர இழப்பென்றால் மொத்தமாக ஒரு தொகை. உயிர் போனால் அவரில் தங்கியிருந்தவர்களுக்கு. சில தொழில் நோய்களும் இதற்குள் வரும். 2022இல் வந்த திருத்தத்தோடு உச்சத் தொகை 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாகக் கூடியது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்துகளும் அதே திருத்தத்தில் சேர்க்கப்பட்டன. கோப்பாயிலிருந்து அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டைக்குச் சைக்கிளில் போகிறவரை வழியில் வாகனம் தட்டினாலும் இந்தச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். வீதி விபத்தென்றால் அன்றைக்கே பொலிஸ் முறைப்பாடு போட வேண்டும்.

குடிபோதையில் இருந்தீர்கள், பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினீர்கள் என்று முதலாளி தரப்பு சொல்லப் பார்க்கும். மூடி முதல் நாளிலிருந்தே இல்லையென்றால் அதைக் கண்ட சாட்சியை இப்போதே பிடித்துவையுங்கள்.

5. அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள்

காயம் ஆறுமுன்னே ஒரு என்வலப்போடு ஆள் வரும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று தட்டச்சு செய்த தாளும் வரும். மச்சானுக்கும் வந்தது. அம்மா மட்டும் வேண்டாம் என்று நின்றிராவிட்டால் அவன் கையெழுத்து வைத்திருப்பான், ஏனென்றால் வீட்டில் அரிசிக்கே காசில்லை.

எவ்வளவு இயலாமை என்பதைச் சிகிச்சை முடிந்த பிறகுதான் வைத்தியர் சரியாகச் சொல்ல முடியும். அவனுக்கு இரண்டு விரல் மடங்காது என்று தெரியவந்தது ஐந்தாம் மாதத்தில். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. சமாதானமாகத் தீர்ப்பதென்றாலும் அந்த உடன்படிக்கையை நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவு செய்யக் கேளுங்கள். உதவியாகத் தரும் காசை வாங்கலாம், ஆனால் "முற்பணமாகப் பெற்றேன்" என்று எழுதி வாங்குங்கள். முதலாளி தன் செலவில் வைத்தியரிடம் காட்டக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள். காரணமில்லாமல் மறுத்தால் உங்கள் கோரிக்கைதான் தடைப்படும்.

6. விண்ணப்பம்

கோரிக்கை போவது கொழும்பில் உள்ள வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு. விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் கேட்க வேண்டும், ஆனால் அவ்வளவு நாள் வைத்திருக்காதீர்கள். படிவத்தைப் பற்றித் தொழில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். தமிழிலேயே நிரப்புங்கள், தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாக உதவுவார்கள். நீதிமன்றத்தில் தனியாக நட்டஈட்டு வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் முதலில் அவர்களிடம் கதையுங்கள். ஒரே விபத்துக்கு இரண்டு வழியிலும் வாங்க முடியாது.

காயத்தைச் சாட்டி வேலையை விட்டு நிறுத்தினால் அது வேறு கணக்கு. தொழில் நியாய மன்றுக்கு 6 மாதத்துக்குள் போக வேண்டும். நிரந்தரமாக உழைக்க முடியாமல் போனவர்கள் சேமலாப நிதியை வயது வருமுன்னரே எடுக்கலாம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலும் இயலாமைக்கு ஒரு உதவி உண்டு. இரண்டையும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

விசாரணைக் கடிதம் வந்ததும் திகதியையும் இடத்தையும் இரண்டு தரம் வாசியுங்கள். மூலப்பிரதிகளைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வருவது போட்டோப்பிரதி. சாட்சிகளுக்கு ஒரு நாள் கூலி போகும், அதையும் பஸ் காசையும் முதலே பேசிவையுங்கள். சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள். எங்களைக் காலை ஒன்பதுக்கு வரச்சொன்னார்கள், கூப்பிட்டபோது பிற்பகல் இரண்டரை.