மஞ்சள் தாளில் ஒரு வேதியியல் சோதனை

ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் தட்டு சிவந்துவிடும். வேதிப்பண்பு என்றால் என்ன என்பதை விளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரே ஒரு வரையறை. நிறை இருந்து, இடத்தை அடைத்துக்கொள்ளும் எதுவும் பருப்பொருள். மிச்சத்தைச் செய்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தேவையானவை: மஞ்சள் தூள், ஆல்கஹால் கலந்த நீர்மச் சானிடைசர், டிஷ்யூ தாள், வெற்றிலைச் சுண்ணாம்பு, எலுமிச்சை, சலவை சோப்பு, ஆப்பசோடா, சர்க்கரை. சானிடைசர் சட்டென்று தீப்பற்றும், அடுப்படியில் வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது; சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

படி 1. இரண்டு கிண்ணங்களில் அரைக் கரண்டி மஞ்சள் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் சானிடைசர் ஊற்றிக் கலக்கி, சற்று நேரம் விடுங்கள். தண்ணீரில் தூள் அடியில் தங்கும். சானிடைசரிலோ நிறம் நன்றாக இறங்கியிருக்கும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். இது இயற்பியல் பண்பு: கரைந்தபின்னும் குர்குமின் குர்குமினாகவே இருக்கிறது.

படி 2. தெளிந்த மஞ்சள் கரைசலில் தாளை நனைத்து, நிழலில் உலர்த்தி, துண்டுகளாக வெட்டுங்கள்.

படி 3. மிளகளவு சுண்ணாம்பை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கித் தெளியவிடுங்கள். சுண்ணாம்பு அதிகம் கரையாது. லிட்டருக்கு 2 கிராம்கூட இல்லை. ஆனாலும் அந்தத் தெளிநீரில் ஒரு சொட்டு போதும், தாள் சிவக்கும். சோப்புக் கரைசலும் சிவக்கவைக்கும். இவை இரண்டும் காரங்கள், அதாவது அமிலத்துக்கு எதிர்த்தன்மை கொண்டவை. ஆப்பசோடா வலிமை குறைந்த காரம், அதனால் மாற்றம் மங்கலாகவே தெரியும். சர்க்கரை நீர் ஒன்றும் செய்யாது. வேறொரு பொருளைச் சந்திக்கும்போது என்ன ஆகிறது, அல்லது ஆகாமல் இருக்கிறது என்பதுதான் வேதிப்பண்பு. டப்பாவில் இருக்கும் மஞ்சளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது.

படி 4. சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். மறுபடி மஞ்சள்! பள்ளியில் பலரும் மனப்பாடம் செய்தது, ‘வேதி மாற்றம் மீளாது’ என்று. அது சரியில்லை. காரம் குர்குமின் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பறிக்கிறது, நிறம் மாறுகிறது; அமிலம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. பொருளின் கட்டமைப்பு மாறியதா என்பதுதான் கேள்வி, மீளுமா என்பதல்ல. அதேபோல் நிறம் மாறினாலே வேதி மாற்றம் என்றும் சொல்லிவிட முடியாது: நீலச் சாயத்தோடு மஞ்சள் சாயத்தைக் கலந்தால் பச்சை தெரியும், ஆனால் புதுப்பொருள் எதுவும் பிறக்கவில்லை.

படி 5. மிச்சமுள்ள சுண்ணாம்புத் தெளிநீரில் உறிஞ்சுகுழல் வைத்து மெல்ல ஊதுங்கள் (உறிஞ்சிவிடாதீர்கள்). நீர் பால்போல் வெளுக்கும். மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, கரைந்திருந்த கால்சியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு நாளாக நாளாக இறுகுவதும் இதே வினையால்தான். அங்கே ஊதுவது காற்று.

மீந்த தாள்களை இருட்டான டப்பாவில் வையுங்கள். வெயில் பட்டால் குர்குமின் சிதைந்து நிறம் போய்விடும். சட்டையில் மஞ்சள் கறை பட்டால் துவைத்து வெயிலில் காயப்போடச் சொல்வதும் அதனால்தான்.