வாட்ஸப் குரூப்பிலிருந்து ஸ்லாக்குக்கு: சின்ன அலுவலகத்துக்கான செய்முறை

பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகம், எல்லாவற்றுக்கும் ஒரே வாட்ஸப் குரூப். காலையில் வாடிக்கையாளர் சொன்ன திருத்தம், பிறந்தநாள் வாழ்த்தும் லீவு மெசேஜும் வந்து குவிந்ததில் மத்தியானத்துக்குள் மேலேறி மறைந்துவிடும். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் இப்படித்தான் பழைய விலைப்பட்டியல் வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. உங்களுக்கு அப்படி நேர வேண்டாம். அலுவலகப் பேச்சை வேலை வாரியாகப் பிரித்து வைக்கும் செயலிதான் ஸ்லாக். அதை இலவசமாகவே தொடங்கலாம்.

முதலில் ஸ்லாக் தளத்தில் அலுவலக மின்னஞ்சலைக் கொடுங்கள். அதற்கு வரும் குறியீட்டைத் தட்டி, நிறுவனத்தின் பெயரில் ஒரு ஒர்க்ஸ்பேஸ், அதாவது உங்கள் அலுவலகத்துக்கான தனி இடம், உருவாக்குங்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் உடனே எல்லோரையும் அழைத்துவிடாதீர்கள். காலி வீட்டுக்குள் வருகிறவர்கள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் திரும்பிப் போய்விடுவார்கள்.

அடுத்து சேனல்கள், அதாவது ஒர்க்ஸ்பேஸுக்குள் தனித்தனிப் பேச்சு அறைகள். இதில்தான் நிதானம் வேண்டும். ஆளுக்கு ஒரு சேனல் வேண்டாம், வேலைக்கு ஒரு சேனல் போதும்: விற்பனை, கணக்கு, டெலிவரி, அரட்டை. அரட்டைக்கும் தனியிடம் கொடுத்தால்தான் மற்ற சேனல்கள் சுத்தமாக இருக்கும். பெயரை ஆங்கிலத்தில் வைத்தால் சின்ன எழுத்துகள் மட்டுமே ஏற்கும். இடைவெளி விட முடியாது, நடுவில் சிறு கோடு போடுங்கள்.

சம்பளம், ஆள் தேர்வு போன்றவற்றுக்கு மட்டும் பிரைவேட் சேனல். மற்றதெல்லாம் பப்ளிக்காக இருக்கட்டும். 'பேச்சும் அறிவும் அடங்கிய, தேடக்கூடிய பதிவேடு' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் ஸ்லாக் என்ற பெயர். நாளை சேரும் புதியவர், அந்த விலை ஏன் மாறியது என்று யாரையும் கேட்காமலே தேடிப் படித்துக்கொள்ளலாம். பூட்டிய சேனலில் அது நடக்காது.

சரி, இப்போது ஆட்களை அழையுங்கள். அழைத்த அன்றே த்ரெட் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். ஒரு மெசேஜுக்குப் பதில் சொல்ல, கீழே புதிதாகத் தட்டக்கூடாது. கணினியில் அந்த மெசேஜின் மேல் மவுஸை வைத்தால் 'ரிப்ளை இன் த்ரெட்' வரும். அதை அழுத்தி எழுதினால் பேச்சு அந்த மெசேஜுக்குள்ளேயே தொடரும். முடிவு எட்டியதும் கடைசிப் பதிலைச் சேனலுக்கும் அனுப்பும் கட்டத்தை டிக் செய்யுங்கள். நாற்பது பதில்களையும் படிக்காதவருக்கும் முடிவு தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் @ குறியுடன் 'சேனல்' என்று தட்டினால் அதில் உள்ள எல்லோருக்கும் அறிவிப்பு போகும். 'ஹியர்' என்றால் அப்போது செயலியில் இருப்பவர்களுக்கு மட்டும். பெரும்பாலும் இரண்டாவதே போதும். இரவு பத்து மணிக்கு யோசனை வந்தால் அனுப்பும் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தி, காலை ஒன்பதுக்குப் போகும்படி வையுங்கள். முதலாளி இதைச் செய்தால் மற்றவர்களும் செய்வார்கள்.

அப்புறம், இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் மெசேஜ்கள்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு வருடம் தாண்டியவை அழிக்கப்பட்டுவிடும். அதனால் விலை, ஒப்பந்தம், வாடிக்கையாளர் ஒப்புதல் மூன்றையும் வாரம் ஒருமுறை ஒரு பொதுக் கோப்பில் எடுத்து வைக்க யாராவது ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதற்குச் சரியான நேரம்.