பாடத்தைப் பாதியில் விடும் முன் ஒரு கணக்கு

அமெரிக்கக் கல்லூரியில் பெல் கிராண்ட் (பொதுவாகத் திருப்பித் தர வேண்டாத அரசு உதவி), அரசுக் கல்விக் கடன் வாங்கிப் படிப்பவர்கள், அந்த உதவி தொடர ஜிபிஏவை (சராசரி மதிப்பெண்) மட்டும் பார்த்தால் போதாது. எடுத்த கிரெடிட்டுகளில் (பாடங்களை அளக்கும் அலகு) எத்தனை முடித்தீர்கள் என்பதும் கணக்கு. பெரும்பாலான கல்லூரிகள் 67 சதவீதம் கேட்கும். பாதியில் விலகி ‘டபிள்யூ’ (விலகல் குறியீடு) வாங்கினால் ஜிபிஏ அடிபடாது, சரி. ஆனால் அது எடுத்த கணக்கில் ஏறும், முடித்த கணக்கில் ஏறாது. முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்து, இரண்டு பாடங்களை, அதாவது 6 கிரெடிட்டை விட்டால் 60 சதவீதம்தான். பலர் வழுக்குவது இங்கேதான். விடுவதானால் ஆட்-டிராப் கெடுவுக்குள், அதாவது செமஸ்டர் தொடக்கத்தில் பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் தரும் நாட்களுக்குள் விடுங்கள். பொதுவாக இந்தக் கணக்கில் வராது. அப்புறம், 120 கிரெடிட் பட்டத்துக்கு 180 கிரெடிட் எடுக்கும் வரைதான் உதவி. நோய், குடும்பத்தில் மரணம் போன்றவற்றால் உதவி நின்றால் பல கல்லூரிகளில் சான்றுடன் மேல்முறையீடு செய்யலாம்.