பிளிமத் குடியேறிகளின் அன்றாட வாழ்வைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க

1620ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் 102 பயணிகள் வட அமெரிக்கக் கரையை அடைந்து, இன்றைய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளிமத் என்ற குடியேற்றத்தை அமைத்த வரலாற்றை ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது, அந்தக் குடியேற்றத்துச் சிறுவர்கள் காலை முதல் இரவு வரை என்ன செய்தார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் சுமப்பதும், விறகு பொறுக்குவதும், பயிரைத் தின்னவரும் பறவைகளை விரட்டுவதும் அவர்களுடைய வேலைகளாக இருந்தன. அவர்களிடம் முட்கரண்டி இல்லை. கரண்டியாலும் விரல்களாலும் உண்டார்கள் என்ற செய்தி, கையால் உண்ணும் நம் குழந்தைகளுக்கு உடனே நெருக்கமாகிவிடும்.

பலரும் புட்டியில் பாலேட்டை ஊற்றிக் குலுக்கி வெண்ணெய் எடுக்கும் செயல்பாட்டைச் சொல்லித்தருகிறார்கள். அது நல்ல பயிற்சிதான், ஆனால் பிளிமத்திற்கு மாடுகள் 1624இல்தான் வந்தன என்பதால், முதல் ஆண்டுகளுக்கு மக்காச்சோளமே பொருத்தமானது. அகலமான தொட்டியில் மக்காச்சோளத்தை விதைத்து, அது ஒரு சாண் உயர்ந்ததும் அருகில் கொடி அவரையை ஊன்றினால், தண்டைப் பற்றி அவரை ஏறுவதைக் குழந்தைகள் நாள்தோறும் பார்க்கலாம்.

மண்ணில் மீனைப் புதைத்து உரமாக்கி மக்காச்சோளம் பயிரிடும் முறையைக் குடியேறிகளுக்குக் கற்பித்தவர் அப்பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களைச் சேர்ந்த டிஸ்குவாண்டம் என்பதையும், அவருடைய ஊரான பட்டக்செட் கொள்ளைநோயால் அழிந்த இடத்தில்தான் பிளிமத் எழுந்தது என்பதையும் மறைக்காமல் எளிய சொற்களில் கூறவேண்டும். வாம்பனோவாக் மக்கள் இன்றும் மாசசூசெட்ஸில் வாழ்கிறார்கள். ஆகவே அவர்களைப் பற்றி இறந்தகாலத்தில் மட்டும் பேசாதீர்கள்.