ஜப்பானில் ஊழியம் செய்யும் இளம் மார்மன் மிஷனரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்மன் சபையின் முறையான பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 'மார்மன்' என்ற அழைப்புப் பெயரைத் தவிர்க்கும்படி சபைத் தலைமை 2018இல் கேட்டுக்கொண்டபோதிலும், வெளியுலகில் அந்தப் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. இச்சபையின் இளைஞர்கள் 18 வயதிலிருந்து இரண்டு ஆண்டுகளும், இளம்பெண்கள் ஒன்றரை ஆண்டும் ஊதியமின்றி ஊழியம் செய்யப் புறப்படுகிறார்கள்; எந்த நாட்டுக்குப் போவது என்பதைச் சால்ட் லேக் சிட்டியிலுள்ள தலைமையகம்தான் முடிவு செய்கிறது. ஜப்பானுக்கு அனுப்பப்படும் அமெரிக்க இளைஞர் ஒருவர், யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரப் பயிற்சி மையத்தில் சில வாரங்கள் மொழியும் போதனை முறையும் பயின்றுவிட்டு, கறுப்புப் பெயர்ப்பட்டையில் 'சோரோ' (மூப்பர்) என்ற பட்டத்துடன் வந்து இறங்குவார். பெண்ணாக இருந்தால் 'ஷிமாய்' (சகோதரி). சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும் ஓரளவுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவராகவே அவர் இருப்பார். அவரை இடறச் செய்பவை பெரும்பாலும் கோட்பாட்டுக் கேள்விகள் அல்ல. உடன் தங்கும் தோழர், சைக்கிள், குப்பைப் பை, விருந்தினருக்கு வைக்கப்படும் தேநீர் போன்ற அன்றாட விஷயங்கள்தாம்.

இவற்றுள் முதலிடம் தோழருக்கே உரியது. மிஷனரிகள் எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும். குளியலறை போன்ற இடங்கள் தவிர, ஒருவர் மற்றவரின் பார்வைக்கும் குரலுக்கும் எட்டும் தூரத்தை விட்டு விலகக் கூடாது. அந்தத் தோழரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இவருக்கு இல்லை. ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் இடமாற்றத்தில் மிஷன் தலைவர் யாரைச் சேர்த்துவைக்கிறாரோ அவரோடுதான் உண்டு உறங்கி ஊர் சுற்ற வேண்டும். இந்த ஏற்பாட்டில் புதியவர்கள் செய்யும் தவறு, சண்டை போடுவது அல்ல. சண்டை வந்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருப்பது. காலை ஆறரைக்கு ஒலிக்கும் அலாரத்தை அணைத்துவிட்டு ஒருவர் மறுபடியும் படுக்கைக்குள் புரண்டுகொள்கிறார், முந்தைய இரவு அவர் சாப்பிட்ட தட்டு கழுவும் தொட்டியில் அப்படியே கிடக்கிறது, மற்றவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தேய்த்து வைக்கிறார். இப்படி மூன்று வாரம் போனால், நான்காம் வாரத்தில் பேருந்து நிறுத்தத்தில் ஒன்றுமில்லாத காரணத்துக்காக வெடித்துவிடும். வாரந்தோறும் திட்டமிட உட்காரும் நேரத்தில், இருவருக்குமிடையிலான குறைகளையும் பேசித் தீர்த்துக்கொள்வதற்கு இடம் இருக்கிறது. பலர் அதை இரண்டு நிமிடச் சடங்காக முடித்துவிடுகிறார்கள். தட்டைப் பற்றி அங்கேயே, அந்த வாரமே சொல்லிவிடுவது நல்லது. தோழரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வீட்டாரிடம் அவரைப் பற்றிப் புலம்புவது இன்னொரு தவறு. ஆனால் தோழர் கை நீட்டுகிறார், மிரட்டுகிறார், தகாத முறையில் நடந்துகொள்கிறார் என்றால் அங்கே பொறுமை ஒரு நற்குணமே அல்ல. அன்றைக்கே மிஷன் தலைவரை அழைத்துவிட வேண்டும்.

தோழர் ஜப்பானியராக அமைந்தால் வேறொரு சோம்பேறித்தனம் தொற்றிக்கொள்ளும். பேச்சு முழுவதையும் அவரிடம் விட்டுவிட்டு இவர் சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருப்பார். இருவரும் அமெரிக்கர்களாக இருந்தாலோ, கதவைச் சாத்தியதும் ஆங்கிலமே வீட்டு மொழியாகிவிடும். இரண்டும் ஓராண்டு கழித்தே தங்கள் வேலையைக் காட்டும்: புதிதாக வந்தவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய இடத்தில், மனப்பாடம் செய்த பத்து வாக்கியங்களைத் தாண்டாத ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

சைக்கிள் விஷயத்தில் ஜப்பானியச் சட்டம் விளையாட்டுக்கு இடம் கொடுப்பதில்லை. அங்கே சைக்கிளும் ஒரு வாகனம். சாலையின் இடப்பக்கமாகத்தான் போக வேண்டும், அமெரிக்கப் பழக்கத்தில் கை தானாக வலப்பக்கம் திருப்பிவிடும். முகவரி தேடும் மிஷனரியின் கை அடிக்கடி கைபேசிக்குப் போகும் என்பதால், 2024 நவம்பர் 1 முதல் கடுமையாக்கப்பட்ட விதியை அவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்: கைபேசியைக் கையில் பிடித்துத் திரையைப் பார்த்தபடி ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் யென் வரை அபராதம், அதனால் விபத்து அபாயம் உண்டானால் தண்டனை ஓராண்டு வரை, அல்லது மூன்று லட்சம் யென் வரை உயரும். மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் குற்றம்தான். மழைக்கோட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ரயில் நிலையத்தை ஒட்டிக் கண்ட இடத்தில் நிறுத்தினால், முதலில் எச்சரிக்கைச் சீட்டு தொங்கும். திரும்பி வரும்போது சைக்கிளே இருக்காது, நகராட்சியின் கிடங்கில் கட்டணம் செலுத்தி மீட்க வேண்டியிருக்கும். வெளிநாட்டவருக்கான வசிப்பிட அட்டையை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்துவிட்டுக் கிளம்புவது, பத்திரம் என்று நினைத்துச் செய்யும் தவறு. அது எப்போதும் உடன் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

குப்பையைப் பற்றி எந்தப் பயிற்சி மையமும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை என்றே தோன்றுகிறது. எரியும் குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக், பெட் பாட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உண்டு, நகரத்துக்கு நகரம் முறையும் மாறும். பாட்டிலின் மூடியையும் மேலே ஒட்டிய தாளையும் நீக்கி, அலசிவிட்டுப் போட வேண்டும். இரவு பத்தரைக்குப் படுக்க வேண்டிய மிஷனரி, காலையில் ஓட வேண்டாமே என்று முந்தைய இரவே பையைக் கொண்டுபோய் வைத்துவிடுவார். விடியும்போது காகங்கள், குப்பையின்மேல் போர்த்திய வலைக்கு வெளியே தெரியும் மூலையைக் கிழித்து எலும்பையும் காய்த்தோலையும் தெருவெல்லாம் இறைத்திருக்கும். அதைக் கூட்டிப் பெருக்கும் மூதாட்டி, அடுத்த வீட்டுக்காரர், வார்டின் பொறுப்பாளர் ஆகிய மூவருக்கும் அந்தப் பை யாருடையது என்று நன்றாகத் தெரியும். ஆனால் யாரும் வந்து சண்டை பிடிக்க மாட்டார்கள். பையின் மேல் ஒரு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டப்பட்டு, அது அங்கேயே விடப்பட்டிருக்கும். அந்தத் தெருவில் இனி எத்தனை கதவைத் தட்டினாலும் பயன் இருக்காது.

உணவில் சிக்கல் தேநீரில்தான் வரும். 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த 'ஞான வார்த்தை' என்ற போதனையின்படி மது, புகையிலை, காபி, தேயிலைத் தேநீர் ஆகியவற்றை மார்மன்கள் தொடுவதில்லை. பச்சைத் தேநீரும் இந்தத் தடைக்குள் அடங்கும் என்று சபை 2019இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. விருந்தினருக்குப் பச்சைத் தேநீர் வைப்பது ஜப்பானிய வீட்டின் முதல் மரியாதை. அதைத் தள்ளி வைத்துவிட்டுக் காரணத்தை விளக்கும் சாக்கில் ஒரு பிரசங்கம் தொடங்குவது, பண்பு தெரிந்தவர் செய்யும் காரியமல்ல. வருகையை உறுதி செய்யும்போதே இன்னது அருந்துவதில்லை என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும், வாற்கோதுமையை வறுத்துத் தயாரிக்கும் முகிச்சா வந்து சேரும். அதில் தேயிலை இல்லை.

கதவைத் தட்டும் வேலையில் வரலாறு தெரியாமல் இறங்குவதை நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். 1995இல் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழு டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சு வாயுவைப் பரப்பியது முதல், மதம் பற்றிப் பேச வரும் அந்நியரை ஜப்பானியர்கள் அச்சத்தோடு பார்க்கிறார்கள். 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்ட பின், சுட்டவர் யூனிஃபிகேஷன் சபை என்ற மதக் குழுவுக்குத் தன் தாய் அள்ளிக் கொடுத்த நன்கொடைகளைக் காரணமாகச் சொன்னதும் அந்த அச்சம் புதுப்பிக்கப்பட்டது. நியாயமற்ற முறையில் நன்கொடை திரட்டுவதற்கு எதிரான சட்டமும் அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது. இவ்வளவுக்குப் பிறகும், ஒரு முறை பணிவாக மறுத்தவரின் மணியை மறு வாரம் மீண்டும் அழுத்துவது விடாமுயற்சி ஆகாது. மிஷனரிகள் நடத்தும் இலவச ஆங்கிலப் பேச்சு வகுப்புகளிலும் இதே கவனம் தேவை. நடத்துவது எந்தச் சபை என்பதை அறிவிப்புத் தாளிலேயே அச்சிட வேண்டும். வினைச்சொல் பயிற்சிக்கு நடுவே ஞானஸ்நானத்தைப் பற்றி நைசாகக் கேட்டுவைத்தால், மறு வாரம் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமெரிக்க மிஷனரியின் குடும்பம் 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர் வீதம் பொது நிதிக்குச் செலுத்துகிறது. அவர் கைக்கு வருவது அவ்வூர்ச் செலவுக்கேற்ற படித்தொகை மட்டுமே. அதை முதல் வாரமே சாமான் வாங்கித் தீர்ப்பவர்கள் கடைசி வாரம் சோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிச் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

வீட்டோடு பேசுவதில் நிலைமை மாறிவிட்டது. முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே தொலைபேசி அனுமதி இருந்தது. 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் ஆயத்த நாளில் காணொளியிலும் பேசலாம். அந்த நாள் பெரும்பாலும் திங்கட்கிழமை. கோடையில் ஜப்பானில் திங்கள் காலை எட்டு மணி என்றால் யூட்டாவில் ஞாயிறு மாலை ஐந்து மணி, குடும்பம் முழுவதும் கூடியிருக்கும் நேரம். துணி துவைக்கவும் மளிகை வாங்கவும் முடி வெட்டவும் இருக்கும் ஒரே நாளின் பாதியை அழைப்பிலேயே கரைத்துவிட்டு, மீதி ஆறு நாளும் ஊர் நினைப்போடு அலைவது புதியவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. தூக்கமின்மை, காரணமற்ற அழுகை, எழுந்திருக்கவே மனமில்லாமை ஆகியவற்றை வெறும் ஊர் ஏக்கம் என்று மூடி மறைப்பதோ அதைவிட ஆபத்தானது. முன்கூட்டியே வீடு திரும்பினால் ஊரில் என்ன சொல்வார்களோ என்ற பயம் பலரை வாய் திறக்க விடுவதில்லை. சிகிச்சையைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட, முன்கூட்டியே திரும்ப வேண்டிய நிலைதான் நெருங்கி வரும்.

கடைசி இடமாற்றத்தில் பெட்டி கட்டும் அவசரத்தில், சைக்கிளை அடுத்தவருக்கு அப்படியே விட்டுச் செல்வது வழக்கம். சட்டகத்தில் ஒட்டிய திருட்டுத் தடுப்புப் பதிவு எண் அப்போதும் ஊருக்குப் போனவர் பெயரிலேயே இருக்கும். ஓர் இரவு காவலர் நிறுத்தி எண்ணைச் சரிபார்த்தால், புதியவர் வேறொருவரின் சைக்கிளை ஏன் ஓட்டுகிறார் என்பதை அரைகுறை ஜப்பானிய மொழியில் விளக்க வேண்டிவரும். ஆகவே கைமாற்றித் தந்ததாக எழுதிக் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்து, புதியவர் பெயரில் மறுபதிவு செய்ய வழி செய்த பிறகே விமானம் ஏற வேண்டும்.