குடல் நோய்க்கு 'ஜீன் மாற்றிய பாக்டீரியா' என்று யாராவது சொன்னால் எப்படிச் சோதிப்பது

கொலோனோஸ்கோபி முடிந்து அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அல்லது கிரோன்ஸ் (இரண்டுமே குடலில் நாள்பட்ட அழற்சி வரும் நோய்கள்) என்று தெரிந்துவிட்டால், நீங்கள் கோவையில் இருந்தாலும் கோபியில் இருந்தாலும் சரி, சொந்தக்காரர் யாராவது "புதுசா பாக்டீரியா மருந்து வந்திருக்குதுங்களாமா, மாத்திரையே வேண்டாமாங்க" என்று ஒரு வீடியோவை அனுப்பிவிடுவார். பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் என்று இருந்தால் அது சாதாரண புரோபயாடிக்தான் (குடலுக்கு நல்லது என்று விற்கும் பாக்டீரியா), யாரும் அதன் ஜீனைத் தொடவில்லை. ஜீன் மாற்றிய பாக்டீரியா எதுவும் இந்த நோய்க்கு அங்கீகாரம் பெற்ற மருந்தாக இதுவரை எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. "எங்களிடம் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆராய்ச்சி பொய்யில்லை. மோரிலும் சீஸிலும் வாழ்கிற லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாவை, அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10 புரதத்தைக் குடலுக்குள்ளேயே சுரக்கும்படி மாற்றினார்கள்; 2000-ல் எலிகளுக்குக் கொடுத்தபோது அழற்சி பாதியளவு குறைந்தது. 2006-ல் ஆம்ஸ்டர்டாமில் 10 கிரோன்ஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த பாக்டீரியா தைமிடின் (டிஎன்ஏ உருவாகத் தேவையான ஒரு பொருள்) கிடைக்காவிட்டால் செத்துவிடும், ஏனென்றால் அதைத் தயாரிக்கும் ஜீனை எடுத்துவிட்டுத்தான் மனித ஐஎல்-10 ஜீனை அந்த இடத்தில் வைத்திருந்தார்கள், அதாவது உடம்பை விட்டு வெளியே போனால் சாக்கடையிலோ தோட்டத்து மண்ணிலோ பெருகாது (எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்). பலருக்கு நிவாரணமும் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அங்கே போலி மருந்து (பிளாசிபோ, அதாவது பார்ப்பதற்கு மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது) வாங்கிய குழு இல்லை. பிறகு கொலைட்டிஸ் நோயாளிகளிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டபோது மேலான பலன் தெரியவில்லை. அதனால் யாராவது எலி ஆய்வைக் காட்டினால், "மனிதர்களிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டார்களா?" என்று மட்டும் கேளுங்கள், போதும்.

சோதனையில் சேரச் சொல்கிறார்களா? சிடிஆர்ஐ (இந்தியாவின் மருந்துச் சோதனைகளைப் பதியும் அரசு இணையதளம்) பதிவு எண் கேளுங்கள். இந்தியாவில் மருந்துச் சோதனை நடத்துபவர்கள் அந்தத் தளத்தில் பதிந்தாக வேண்டும், நாமே இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள். சோதனை மருந்துக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், டாக்டர் இந்த நோய்க்குக் கொடுத்த மெசலமைனையோ அசாதயோபிரினையோ நீங்களாக நிறுத்த வேண்டாம். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், கடையில் விற்கும் புரோபயாடிக்கைக்கூட டாக்டரைக் கேட்டுத்தான் தொட வேண்டும். மோர் ஒத்துக்கொண்டால் குடிக்கலாம், அதை மருந்தாக நினைக்காதீர்கள். அடுத்த முறை போகும்போது அந்த டப்பாவையே கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், கூடவே மலத்தில் கால்ப்ரோடெக்டின் பரிசோதனை (குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது) தேவையா என்றும் கேட்டுவிடுங்கள். நடுவில் ரத்தப்போக்கு கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ, மூலம்தான் என்று கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.